வாரச் சந்தையும் வாடகைப் பாசமும்

கொரோனா காலத்தைப் பற்றி ஜெர்மானியர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதைகளில் மிக அழகான கதை ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் கிருமி வந்தது. சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் மாவு இல்லை, ஈஸ்ட் இல்லை, பாஸ்தா இல்லை, முக்கியமாக டாய்லெட் பேப்பர் இல்லை. நகரத்து மக்கள் திகைத்து நின்றார்கள். அப்போதுதான், தேவாலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், இத்தனை வருடம் கண்டுகொள்ளாமல் கடந்துபோன உழவர் கேரட்டும் உருளைக்கிழங்குமாக நிற்பது கண்ணில் பட்டது. ஓடினார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு வரிசையில் நின்றார்கள். இரண்டு யூரோ கூடப் போனால் போகட்டும், நம்ம வட்டாரத்து விவசாயி பிழைக்கட்டும் என்று வாங்கினார்கள். சாப்பாட்டின் அருமை தெரிந்தது. சுபம்!

கதை நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் கூட. அதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். பாதி உண்மையாக இருப்பதால் இவ்வளவு நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உண்மையான பாதி. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் 'வோக்கன்மார்க்ட்' என்று ஒன்று கூடும். நேர்ப் பொருள் வாரச் சந்தை. வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ, பெரும்பாலும் காலை ஏழு எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்று இரண்டுக்குள் மூட்டை கட்டிவிடும். ஹாம்பர்க்கில் உயர்மட்ட ரயில் பாலத்துக்கு அடியில் நீளமாகக் கூடும் ஈசெமார்க்ட், பெர்லினில் வின்டர்ஃபெல்ட் சதுக்கத்துச் சந்தை, பிராங்பேர்ட்டில் வியாழனும் சனியும் கூடும் கொன்ஸ்டாப்ளர்வாகெ சந்தை என்று பெயர் பெற்றவை பல. மியூனிக்கின் விக்டுவாலியன்மார்க்ட் மட்டும் வேறு சாதி. 1807-இல் தொடங்கி இன்று தினசரிச் சந்தையாக நிற்கிறது. வாரச் சந்தையில் எதை விற்கலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 67-வது பிரிவு: உணவுப் பொருட்கள், தோட்டத்திலும் வயலிலும் காட்டிலும் மீன்பிடியிலும் கிடைப்பவை, பெரிய கால்நடை தவிர்த்த இயற்கைப் பொருட்கள். (எருமை மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது என்று அர்த்தம். கோழிக்குத் தடை இல்லை.)

2020 மார்ச் 16-ஆம் தேதி மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று ஒரு பட்டியல் போட்டன. மதுக்கூடம், திரையரங்கு, அருங்காட்சியகம், துணிக்கடை எல்லாம் மூடல். மூடக் கூடாதவை என்று வெளிப்படையாக எழுதிய வரிசையில் உணவுக் கடைகளுக்கு அடுத்த சொல்லே வாரச் சந்தை. மருந்துக்கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் முன்னால் அது வருகிறது. அன்றே இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. மக்கள் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மக்கள் கூடுவதையே பெயராகக் கொண்ட சந்தையைத் திறந்து வைப்பதா? நூல்நிலையத்தை மூடிவிட்டு முள்ளங்கிக் கடையைத் திறந்து வைப்பது என்ன நியாயம்? ஒரு வாரம் கழித்து, மார்ச் 22-இல், பொது இடத்தில் ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் பலமானது.

சிரித்தவர்கள் தவறு. அரசு செய்தது சரி. இதை அடித்துச் சொல்லலாம், காரணம் இரண்டு.

ஒன்று, சந்தை வெட்டவெளி. மூடிய அறையின் காற்றில்தான் இந்தக் கிருமி தங்கிப் பரவுகிறது, வெளியில் ஆபத்து மிகக் குறைவு என்பது பிறகு தெளிவானது. ஜெர்மனியின் காற்றுத்துகள் ஆய்வாளர்கள் 2021 ஏப்ரலில் அரசுக்கு ஒரு திறந்த மடலே எழுதினார்கள்: ஆபத்து வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருக்கிறது, பூங்காவில் உலாவுகிறவனைத் துரத்தாதீர்கள் என்று. அப்படிப் பார்த்தால் 2020 வசந்தத்தில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்குவதற்கு ஜெர்மனியிலேயே பாதுகாப்பான இடம் சந்தைதான்.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. பலர் கவனிக்காமல் விட்டது. ஜெர்மானியச் சந்தையில் வாடிக்கையாளர் காயைத் தொடுவதில்லை. நம்மூர்ப் பழக்கப்படி தக்காளியை அமுக்கிப் பார்த்தாலோ, வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது போல எதையாவது ஒடித்தாலோ கடைக்காரர் முறைப்பார். "தொடாதீர்கள்" என்று அட்டை எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. வாங்குகிறவர் கை நீட்டிக் காட்ட வேண்டும், கடைக்காரர்தான் எடுத்து, நிறுத்து, தாள் பையில் போட்டுத் தருவார். "கொஞ்சம் கூடப் போகட்டுமா?" என்று ஒரு வழக்கமான கேள்வியும் கேட்பார். (கொசுறு என்று நினைத்து மகிழ வேண்டாம். கூடப் போனதற்கும் காசு உண்டு.) இப்படிக் கையால் எடுத்துக் கொடுக்கும் வியாபாரத்தைப் பழங்காலத்து முறை, நேர விரயம், ஆள் செலவு அதிகம் என்று ஓரம் கட்டித்தான் சுயசேவை சூப்பர் மார்க்கெட் வளர்ந்தது. கொரோனா வந்ததும் என்ன ஆயிற்று? ஒரே வெள்ளரிக்காயை இருபது கை தொட்டுப் பார்க்கும் சூப்பர் மார்க்கெட், தள்ளுவண்டிக் கைப்பிடியைத் துடைக்க ஆள் போட்டது, வாசலில் எண்ணி உள்ளே விட்டது, கல்லாவுக்கு முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டியது. சந்தை செய்ய வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம். கடைகளைத் தள்ளிப் போட்டார்கள், தரையில் கோடு இழுத்தார்கள், ருசி பார்க்கக் கொடுக்கும் பாலாடைக்கட்டித் துண்டை நிறுத்தினார்கள், அங்கேயே நின்று சாப்பிடுவதைத் தடுத்தார்கள். பிறகு பல ஊர்களில் சந்தையிலும் முகக்கவசம் கட்டாயமானது. அவ்வளவுதான்.

எல்லாச் சந்தையும் இப்படித் தப்பவில்லை. 1703-இலிருந்து ஞாயிறு விடியலில் நடக்கும் ஹாம்பர்க் மீன் சந்தை 2020 மார்ச்சில் நின்றது, ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பியது. அது நியாயம். மீன் வாங்குகிறவர்களைவிட, விடிய விடியக் குடித்துவிட்டு வருகிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் அதிகம் கூடுமிடம் அது. அடுத்த டிசம்பரில் நூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையும் இல்லை, 2021-லும் இல்லை. கேளிக்கைக்குக் கூடுவது வேறு, காய் வாங்கக் கூடுவது வேறு என்று அரசு கோடு போட்டுப் பிரித்தது. அந்தக் கோடும் சரிதான்.

ஆக, சந்தை திறந்திருந்தது சரி, மக்கள் அங்கே போனதும் சரி. அதைப் பற்றிப் பின்னிய கதைதான் சரியில்லை.

கதையின் நாயகர் 'நம்ம வட்டாரத்து விவசாயி'. சனிக்கிழமை சந்தைக்குள் போனால் ஒரு கடையில் வாழைப்பழம் தொங்கும். பக்கத்தில் எலுமிச்சை, அவகாடோ. ஜெர்மனியின் எந்த வட்டாரத்தில் வாழை விளைகிறது என்று யாரும் கேட்பதில்லை! வாரச் சந்தை என்பது வேறு, உற்பத்தியாளர் மட்டுமே விற்கும் 'பவர்ன்மார்க்ட்' எனும் உழவர் சந்தை வேறு. வாரச் சந்தைக் கடைகளில் கணிசமானவை விடியற்காலையில் நகரத்து மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்து விற்பவை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை; அதுவும் ஒரு வியாபாரம், மழையிலும் பனியிலும் நின்று செய்யும் கடினமான வியாபாரம். ஆனால் அங்கே கொடுத்த கூடுதல் காசெல்லாம் நேராக வயலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டார்களே, அது கொஞ்சம் அதிகம். பலகையில் எழுதியிருக்கும் விளைந்த நாட்டின் பெயரைப் படித்தாலே போதும். அதை எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, எழுதித்தான் வைத்திருப்பார்கள்.

சரி, வாழைப்பழத்தை விடுங்கள். நிஜமாகவே அந்த வட்டாரத்திலேயே விளைந்த, ஜெர்மானியர்கள் கொண்டாடும் ஒரு பயிரை எடுத்துக்கொள்வோம். வெள்ளை அஸ்பாரகஸ். அவர்கள் ஷ்பார்கல் என்பார்கள். ஏப்ரலில் வரத் தொடங்கி ஜூன் 24, அதாவது புனித யோவான் திருநாளோடு நிற்கும். அந்த இரண்டரை மாதம் நாடே இதற்காகப் பைத்தியமாக அலையும். சந்தையில் அஸ்பாரகஸ் கடைக்கு முன்னால் மட்டும் வரிசை வளைந்து போகும். மண்ணை மேடாகக் கூட்டி, வெயில் படாமல் வளர்ப்பதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. தலை வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன், மண்ணுக்குள் கைவிட்டு, நீளமான கத்தியால் ஒவ்வொரு தண்டாக அறுத்தெடுக்க வேண்டும். மேட்டை மறுபடி மூட வேண்டும். நாள் முழுக்க இடுப்பை வளைத்தபடி. ஜெர்மானியர்கள் இந்த வேலையைக் கைவிட்டு வெகு காலம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வருகிறவர்கள்தான் செய்கிறார்கள். எல்லாப் பயிருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இப்படிப் பருவ வேலைக்கு வருவது வழக்கம்.

2020 மார்ச் 25-இல் உள்துறை அமைச்சகம் எல்லையை இவர்களுக்கு அடைத்தது. அஸ்பாரகஸ் முளைக்கத் தொடங்கும் நேரம். விவசாயச் சங்கங்கள் அலறின. உள்நாட்டு ஆட்களைத் திரட்ட வேளாண் அமைச்சகம் ஓர் இணையதளம் தொடங்கியது; வகுப்பு நின்றுபோன மாணவர்களும் வேலை இழந்த உணவக ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் பெயர் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் குனிந்து அறுக்கும் வேலைக்கு மனசு மட்டும் போதாது, பழகிய முதுகும் வேண்டும். ஏப்ரல் 2-இல் உள்துறை அமைச்சர் ஸேஹோஃபரும் வேளாண் அமைச்சர் க்ளோக்னரும் சேர்ந்து புது ஏற்பாடு அறிவித்தார்கள். ஏப்ரலில் 40,000 பேர், மே மாதம் 40,000 பேர், விமானத்தில் மட்டும் வரலாம்.

விமானம் ஏற வந்தவர்களின் படங்கள் ஏப்ரல் 9-ஆம் தேதி ருமேனியாவின் க்ளூஜ் விமான நிலையத்திலிருந்து வெளிவந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதே வாரம், அதே கிருமிக்குப் பயந்து, ஜெர்மானியச் சந்தையில் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள், இவர்கள் வந்து அறுத்துத் தரப்போகும் அஸ்பாரகஸுக்காக.

வந்து இறங்கியவர்களுக்கு அரசு வகுத்த விதியைப் பாருங்கள். முதல் பதினான்கு நாள் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட வேண்டும், பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது, ஆனால் வேலை செய்யலாம். அரசாங்க மொழியில் இதற்குச் சொன்னது "வேலை செய்யும் வாய்ப்புடன் கூடிய நடைமுறைத் தனிமைப்படுத்தல்". என்ன ஒரு வாய்ப்பு! வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஜெர்மானியர் பதினான்கு நாள் தன் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து தொடர் பார்த்தால் அது தனிமைப்படுத்தல். ருமேனியர் பதினான்கு நாள் வயலில் குனிந்து, ராத்திரி பொதுத் தங்குமிடத்தில் படுத்தால் அதுவும் தனிமைப்படுத்தல்.

அந்த ஏப்ரலிலேயே நாட்டின் தென்மேற்கில், பாடன் பகுதியில், அறுவடை வேலைக்கு வந்த ஒரு ருமேனியத் தொழிலாளி கொரோனாவில் இறந்தார். மே மாதம் பான் நகரத்தை அடுத்த போர்ன்ஹைமில், திவாலான ஓர் அஸ்பாரகஸ் - ஸ்ட்ராபெரிப் பண்ணையில் கூலி சரியாக வரவில்லை என்று தொழிலாளிகள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் பவேரியாவின் மாம்மிங் என்ற சிற்றூரில் ஒரு காய்கறிப் பண்ணையில் ஏறத்தாழ 480 பேரில் 174 பேருக்குத் தொற்று என்று பரிசோதனை சொன்னது. பண்ணை முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. இதற்கு முந்தைய மாதம்தான் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தின் பெரிய இறைச்சி ஆலையில் 1,500 பேருக்கு மேல் தொற்று வந்து நாடே கொதித்திருந்தது. ஆலையின் கதை சட்டத்தில் முடிந்தது. 2021 ஜனவரி முதல் வெட்டும் வேலையில் ஒப்பந்த ஆள் வைக்கக் கூடாது என்று தடை வந்தது. வயலின் கதை அப்படி முடியவில்லை. இறைச்சி ஆலை என்றால் ஜெர்மானியருக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஆலைக்கு முகம் கிடையாது. வயலுக்கு ஒரு சிரித்த முகம் உண்டு. சனிக்கிழமை தோறும் சந்தையில் பார்த்துப் பேசும் முகம். அந்த முகத்தைப் பார்த்து யாருக்குக் கேள்வி கேட்க மனசு வரும்?

கேள்வி என்னவென்று கணக்காகவே பார்த்துவிடலாம். ஜெர்மனியில் 'குறுங்கால வேலை' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அன்றைய வழக்கமான விதிப்படி ஆண்டுக்கு 70 நாள் வரை என்றால் ஓய்வூதியம், மருத்துவம் முதலிய சமூகக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டியிருக்கவில்லை. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி மார்ச் முதல் அக்டோபர் வரை இதை 115 நாளாக உயர்த்தினார்கள். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.35 யூரோ. காப்பீட்டுத் தொகை, முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் சேர்த்து, கூலியில் நாற்பது விழுக்காட்டை ஒட்டி வரும். மணிக்கு ஏறத்தாழ 3.70 யூரோ. நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் (அறுவடைக் காலத்தில் எட்டு மணியோடு நிறுத்துவார்களா என்பது தனிக் கதை) 115 நாளுக்கு ஆளொன்றுக்குச் சுமார் 3,400 யூரோ. இந்தத் தொகை கட்டப்படவில்லை. யாருக்கும் மிச்சமும் ஆகவில்லை. ருமேனிய கிராமத்தில் ஒருவருக்கு எழுபது வயதில் வர வேண்டிய ஓய்வூதியத்திலிருந்தும், காய்ச்சல் வந்தால் போக வேண்டிய மருத்துவரிடமிருந்தும் கழிக்கப்பட்டது. வணிகவியல் புத்தகத்தில் புறச்செலவு என்று ஓர் அத்தியாயம் வரும்: பொருளின் விலையில் சேராமல் மூன்றாம் மனிதர் தலையில் விழும் செலவு. உதாரணமாக எப்போதும் சாயப்பட்டறைக் கழிவைத்தான் காட்டுவார்கள். அஸ்பாரகஸையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சலுகை கிடைக்க, அந்த ஆள் இதைத் தன் பிழைப்பாகச் செய்கிறவராக இருக்கக் கூடாது. சொந்த நாட்டில் மாணவர், இல்லத்தரசி, வேறு வேலையில் இருப்பவர் என்று காகிதத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதாவது இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி, தொற்றுக் காலத்தில், தோள் இடிக்கும் கூட்டத்தில் நின்று விமானம் ஏறி வந்து மண்ணுக்குள் கைவிடும் ஒருவர், பிழைப்புக்காக வரவில்லையாம். பொழுதுபோக்குக்கு வந்திருக்கிறாராம்.

எல்லா உழவரும் இப்படி என்று சொல்வது அநியாயம். கணவன், மனைவி, வயதான அப்பா என்று மூன்று பேரே விதைத்து, பறித்து, வண்டி ஓட்டி, நின்று விற்கும் குடும்பங்கள் சந்தையில் இருக்கின்றன. ஏப்ரலில் காட்டுப் பூண்டு இலையும் ருபார்ப் தண்டும் கட்டுக் கட்டாகக் கொண்டுவரும் சின்னக் கடைகள் அவை. பெரிய பண்ணையின் உழவரும் அரக்கர் அல்லர். எடேகா, ரேவே, ஆல்டி, லிடிலை வைத்திருக்கும் ஷ்வார்ட்ஸ் ஆகிய நான்கு குழுமங்கள் நாட்டின் உணவுச் சில்லறை வியாபாரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கின்றன. அவர்கள் சொன்னதுதான் விலை. 2010-இல் கிட்டத்தட்ட 2,99,000 பண்ணைகள் இருந்த நாட்டில் 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,63,000தான் மிஞ்சின. மேலே நாலு யானை மிதித்தால் கீழே இருப்பவர் தனக்குக் கீழே யார் இருக்கிறார் என்றுதான் தேடுவார். புரிகிறது. ஆனால் புரிவதும் நியாயம் என்று ஒத்துக்கொள்வதும் ஒன்றல்லவே.

இனி, வாங்கியவர்கள் யார் என்று பார்க்கலாம். செவ்வாயோ வெள்ளியோ காலை பத்து மணிக்குச் சந்தையில் நிற்க யாரால் முடியும்? ஓய்வு பெற்றவர்களால் முடியும். 2020-இல் புதிதாக இன்னொரு கூட்டமும் சேர்ந்தது: வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள். இரண்டு வீடியோ கூட்டங்களுக்கு நடுவில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். சந்தையில் திடீரென்று இளவயதுக் கூட்டம் தெரிந்ததற்கு மண்ணின் மீது பாசம் பொங்கியது காரணமில்லை. அலுவலகம் மூடியிருந்தது, உணவகம் மூடியிருந்தது, போக வேறு இடம் இல்லை. வாரத்தில் ஒருமுறை மனித முகம் பார்க்கச் சட்டம் அனுமதித்த ஒரே உலா அது. அதில் கேலி செய்ய எதுவுமில்லை. தனியாக அறையில் அடைந்து கிடந்தவருக்குக் கடைக்காரரின் "கொஞ்சம் கூடப் போகட்டுமா" கூட ஒரு மருந்துதான். மருந்தை மருந்து என்று சொல்லியிருக்கலாம். தியாகம் என்று சொன்னதுதான் உறுத்துகிறது.

அதே நேரத்தில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணால் சந்தைக்கு வர முடியாது. 2020 மார்ச் 18-இல் தொலைக்காட்சியில் பேசிய மெர்க்கெல் பெயர் சொல்லி நன்றி சொன்னது இவர்களைப் போன்றவர்களுக்குத்தான். மருத்துவமனைச் செவிலியர், பொதி கொண்டுவரும் ஓட்டுநர் யாராலும் முடியாது. அவர்கள் வேலை முடித்து வரும்போது சதுக்கத்தில் முட்டைக்கோஸ் இலை மட்டும் கிடக்கும். அரசு உதவியில் வாழ்கிறவர்கள் கதை இன்னொன்று. 2020-இல் தனியாள் ஒருவருக்கு மாதம் 432 யூரோ. அதில் உணவுக்கென்று கணக்கிட்டது சுமார் 150. நாளைக்கு ஐந்து யூரோ. இதில் எந்த வட்டாரத்து உழவரை வாழ வைப்பது? இவர்களில் பலர் நம்பியிருந்தது, கடைகளில் மிஞ்சுவதை வாங்கி ஏழைகளுக்குத் தரும் 'டாஃபல்' என்ற உணவு மையங்களை. தொண்டர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால், 2020 வசந்தத்தில் 900-க்கும் மேற்பட்ட மையங்களில் 400-க்கு மேல் மூடிக் கிடந்தன. சந்தையின் வரிசையைப் படம் பிடித்தவர்கள் இந்தப் பூட்டிய கதவையும் பிடித்திருக்கலாம்.

'இவ்வளவு குறை சொல்கிறாயே, அவர்கள் சந்தைக்குப் போகாமல் சூப்பர் மார்க்கெட்டுக்கே போயிருந்தால் மட்டும் அந்த ருமேனியருக்கு ஓய்வூதியம் வந்திருக்குமா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வந்திருக்காது. சூப்பர் மார்க்கெட் அஸ்பாரகஸையும் அதே கைகள்தான் அறுத்தன, இன்னும் மலிவாக. போனது தவறு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் கேட்க ஆளில்லை. கல்லாவில் இருப்பவருக்கு வயல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. சந்தையில் கேட்கலாம். விற்பவர் எதிரில் நிற்கிறார். எந்த உருளைக்கிழங்கு கெட்டியாக நிற்கும், எது மாவாக உதிரும் என்று பத்து நிமிடம் கேட்கிறார்கள். மருந்து தெளித்தீர்களா என்று கேட்கிறார்கள். கோழி வெளியில் மேய்ந்ததா என்று கூடக் கேட்கிறார்கள். கோழி எங்கே படுத்தது என்று கேட்கத் தெரிந்தவருக்கு, அறுத்தவர் எங்கே படுத்தார் என்று கேட்க வாய் வரவில்லையே!

அந்தப் பாசம் எவ்வளவு நாள் நின்றது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2020-இல் ஜெர்மனியின் இயற்கை உணவு விற்பனை ஒரே ஆண்டில் 22 விழுக்காடு ஏறி ஏறத்தாழ 15 பில்லியன் யூரோவைத் தொட்டது. மக்கள் மாறிவிட்டார்கள், இனி பழைய மாதிரி இல்லை என்று மேடைக்கு மேடை பேச்சு. 2021-லும் ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தது, எரிவாயுக் கட்டணம் எகிறியது, விலைவாசி ஏறியது. அந்த ஆண்டு விற்பனை 3.5 விழுக்காடு இறங்கியது. முழுசாக இறங்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எங்கே இறங்கியது என்று பாருங்கள்: இயற்கை உணவுக் கடைகளும் நேரடியாக விற்ற உழவர்களும் இழந்தார்கள், ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளின் இயற்கை உணவு அலமாரி வளர்ந்தது. அருமை தெரிந்துகொண்ட அதே மக்கள் அதே பச்சை முத்திரையை மலிவான இடத்தில் தேடிக்கொண்டார்கள். கையில் காசு குறைந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள், அதற்காகத் திட்டக் கூடாது. இரண்டு வருடம் முன்பு சொன்ன கதையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.

சந்தையில் உண்மையாகவே நிலைத்துவிட்ட மாற்றம் ஒன்று உண்டென்றால் அது அட்டை. காசைக் கையில் எண்ணிக் கொடுப்பதில் ஜெர்மானியர்கள் பிடிவாதக்காரர்கள். அவர்களின் மத்திய வங்கிக் கணக்குப்படி 2017-இல் நூறு பரிமாற்றத்தில் 74 ரொக்கம், 2020-இல் 60. பிறகும் இறங்கிக்கொண்டேதான் வந்தது. கிருமி பயத்தில் அட்டை இயந்திரம் வாங்கி வைத்த கடைக்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடைவெளிக் கோட்டை மழை அழித்தது, ருசி பார்க்கும் பாலாடைக்கட்டி திரும்பி வந்தது, இயந்திரம் நின்றுவிட்டது.

செய்யக் கூடியவை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சந்தையை மாலையில் வைக்கலாம். சில ஊர்களில் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலைச் சந்தை நடக்கிறது, கூட்டமும் வருகிறது. விளைந்த நாட்டை எழுதும் பலகையிலேயே அறுத்தவருக்குக் காப்பீடு உண்டா என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். குறுங்கால வேலை என்ற ஓட்டையை அடைத்துவிட்டு, அதனால் அஸ்பாரகஸ் கிலோவுக்கு எவ்வளவு ஏறுகிறதோ ஏறட்டும் என்று விடலாம். அஸ்பாரகஸ் சாப்பிடாமல் எவரும் பட்டினி கிடந்ததாகச் செய்தி இல்லை.

அரசு செய்தது என்ன தெரியுமா? 2021-இல், தொற்றுக் காலத்தின் இரண்டாம் அறுவடைக்கு, காப்பீடு இல்லா நாட்களை மறுபடி 70-இலிருந்து 102-ஆக உயர்த்தினார்கள். அதைத் தொழிலாளர் சட்டம் என்று தனியாகக் கொண்டுவந்து பேசவில்லை. கடல் மீன்பிடிச் சட்டத்தின் திருத்தத்தோடு சேர்த்து நிறைவேற்றினார்கள். ஆம், மீன்பிடிச் சட்டம்! நாடாளுமன்றத்தில் அது தாண்டிய அந்த வசந்தத்தில் சந்தைச் சதுக்கங்களில் அஸ்பாரகஸ் வந்திறங்கிவிட்டது. வாங்க வந்தவர்கள் மருத்துவ முகக்கவசம் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.